முட்டி வலி போய் புறங்கால் வலி வந்தது: மினிமலிஸ்ட் ஷூவை விடுவதா, தொடர்வதா?

கோவையிலிருந்து வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 43, எடை 82 கிலோ, வங்கி வேலை. ஆறு வருடமாக ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறார். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் வரும். இரண்டு வருடமாக வலது முட்டியின் முன்பக்கம் வலி, படி இறங்கும்போது அதிகம். கூட ஓடும் மூத்தவர் ஒருவர், "மெத்தை வைத்த ஷூதான் உங்க முட்டியைக் கெடுக்குது, வெறுங்கால் மாதிரி ஓடிப் பாருங்க" என்றார். கடைக்காரரும் "இதைப் போட்டா அடியே படாது சார்" என்றார். விரல்கள் தனித்தனியாக நுழையும், அடிப்பாகம் சில மில்லிமீட்டரே உள்ள, மினிமலிஸ்ட் என்று சொல்லப்படும் ஷூ ஒன்றை வாங்கினார். பழைய ஷூவை அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, முதல் வாரத்திலிருந்தே மொத்த தூரத்தையும் புது ஷூவில் ஓடினார்.

மூன்றாவது வாரம் முட்டி வலி போய்விட்டது. கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகி, ஒரு மாதத்தில் அதுவும் பழகியது. பத்தாவது வாரம் வலது புறங்காலில், இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குப் பின்னால், ஒரே இடத்தில் வலி தொடங்கியது. இப்போது லேசான வீக்கம் இருக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே வலிக்கிறது. வலி வந்த நாலாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றுமில்லை என்று வந்ததாம். அந்தத் தைரியத்தில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார். டிசம்பரில் 21 கிலோமீட்டர் ஓடப் பணம் கட்டியாயிற்று, இன்னும் பத்து வாரம் இருக்கிறது. குழுவினர் "பழகும் வரை வலிக்கும், விடாதீங்க" என்கிறார்கள். மனைவி "அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்க" என்கிறார்.

"யார் சொல்வது சரி? சின்ன வயதில் செருப்பே போடாமல் வளர்ந்தவன் நான், வருடா வருடம் பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போகிறவன். எனக்கு ஏன் இப்படி? ஷூக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்களா, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? ஏழாவது படிக்கும் மகள் பள்ளி மைதானத்தில் வெறுங்காலில் ஓடுகிறாள், அவளைத் தடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுவதற்காகப் போடும் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள்.

வலி ஒரே இடத்தில் நிற்கிறது. ஷூ மாற்றிய பத்தாவது வாரத்தில் வந்திருக்கிறது. வீக்கம் இருக்கிறது. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது, இப்போது நடக்கும்போதும் வந்துவிட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எந்த விளையாட்டு மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரைத்தான். விரல்களையும் நடுப்பாதத்தையும் இணைக்கும் ஐந்து நீள எலும்புகளை மெட்டாடார்சல் என்கிறோம். விழுந்து உடைவது போலில்லாமல், ஆயிரக்கணக்கான அடிகள் திரும்பத் திரும்ப விழுந்து அவற்றில் வரும் மயிரிழை விரிசல் இது. அல்லது அதற்கு முந்தைய கட்டமாக இருக்கலாம்: விரிசல் இன்னும் விழவில்லை, எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது. காலைத் தொட்டுப் பார்க்காமல் எதுவென்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஓட்டத்தை நிறுத்த இந்தச் சந்தேகமே போதும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால்?

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த இடம்தான். எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை, சீக்கிரம் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளத் தொடங்கி, விரிசலைச் சுற்றிப் புது எலும்பு படிந்த பிறகே வெள்ளையாகத் தெரியவரும். நாலாம் நாள் படத்தை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

எலும்பு, விளையாட்டுக் காயம் இரண்டும் பார்க்கிற ஒரு மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். அவர் விரலால் எலும்பின் மேல் அழுத்திப் பார்ப்பார். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பார்; ஆரம்பக் கட்டத்தைக் காட்டுவது அதுதான். ஒன்றை மட்டும் அவரிடம் தவறாமல் கேளுங்கள்: வலி எந்த எலும்பில்? இரண்டாவது, மூன்றாவது மெட்டாடார்சலின் நடுத்தண்டில் என்றால் ஓய்விலேயே ஆறிவிடும். பாதத்தின் வெளி ஓரத்தில் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியிலோ, கணுக்காலுக்குச் சற்று முன்னால் நாவிகுலர் என்ற எலும்பிலோ என்றால் கதை வேறு. அந்த இடங்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டாமல் போகும் வாய்ப்பு உண்டு, சில சமயம் ஸ்குரூ போட வேண்டிவரும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான்; ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை பற்றி இரண்டு வரி. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடினால், உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் அடி. உங்களை நிறுத்தச் சொல்லும் ஒரே அறிகுறியான வலியையும் அது அமுக்கிவிடுகிறது.

முட்டிக்கு நல்லது செய்த ஷூ பாதத்தில் என்ன செய்தது?

முட்டி வலி போனது உங்கள் கற்பனை இல்லை. வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பகுதி, விரல் பகுதியைவிடச் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். மெத்தையும் இருப்பதால் காலை முன்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் குத்தி ஓடினாலும் வலிக்காது. மினிமலிஸ்ட் ஷூவில் அந்த உயர வித்தியாசம் பூஜ்யமோ, மூன்று நான்கு மில்லிமீட்டரோதான். குதிகாலைக் குத்தினால் தலை வரை அதிரும். அதனால் உடம்பு தானாகவே அடியைச் சுருக்கி, பாதத்தின் முன்பகுதியில் இறங்கப் பழகுகிறது. அப்படி இறங்கும்போது முட்டிச்சில்லின் மேல் விழும் அழுத்தம் உண்மையிலேயே குறைகிறது.

குறைந்த சுமை காணாமல் போய்விடாது. தோள் மாற்றிய காவடி போல, முட்டியிலிருந்து இறங்கிக் கெண்டைக்கால், குதிகால் தசைநாண், மெட்டாடார்சல் எலும்புகள் என்று கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் மாதம் கெண்டைக்கால் இறுகியது அதனால்தான். "பழகும் வரை வலிக்கும்" என்று உங்கள் குழு சொன்னது தசையைப் பொறுத்தவரை சரி. அதை எலும்புக்கும் பொருத்திப் பார்த்ததில்தான் கோளாறு.

தசை சில வாரங்களில் பழகும். எலும்பு பழகும் விதம் வேறு. புதுச் சுமை வந்தால் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பும். அரிப்பு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நிரப்பிக் கெட்டிப்பட மூன்று நான்கு மாதமாவது ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் கெண்டைக்கால் வலி அடங்கி, முட்டியும் சரியாகி, "ஆஹா, பழகிவிட்டது" என்று நீங்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்கு நடந்தது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 36 ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டார்கள். 17 பேர் வழக்கமான ஷூவில் தொடர்ந்தார்கள். 19 பேர் ஐந்து விரல் ஷூவுக்குப் படிப்படியாக மாறினார்கள். பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளில் நீர்க்கோப்பு கூடியிருந்தது. படிப்படியாக மாறியவர்களுக்கே இப்படி. நீங்கள் வாரத்துக்கு 35 கிலோமீட்டரையும் ஒரே நாளில் மாற்றினீர்கள்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட 26 வார ஆய்வில், மினிமலிஸ்ட் ஷூவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாராந்தர தூரத்தில் 35 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அளவிலேயே, சுமார் 71 கிலோவைத் தாண்டியவர்களுக்கு வழக்கமான ஷூவைவிட இதில் காய அபாயம் கூடியது. நீங்கள் 82.

வெறுங்காலில் வளர்ந்தவனுக்கே இப்படியா?

சின்ன வயதில் செருப்பில்லாமல் திரிந்ததால் உங்கள் விரல்கள் நன்றாக விரிந்திருக்கலாம், தோல் தடித்திருக்கலாம். எலும்பின் பலம் அப்படி வருடக்கணக்கில் சேமித்து வைக்கிற விஷயம் இல்லை. அண்மை மாதங்களில் அது சுமந்த சுமையைப் பொறுத்தது. இருபது வருடமாக அந்தக் கால் கறுப்பு லெதர் ஷூவுக்குள் ஏ.சி. அறையில் இருந்திருக்கிறது.

பழனி நடையோடும் இதை ஒப்பிட முடியாது. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும், பாதம் சுமப்பது உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது இரண்டு கால்களும் காற்றில் இருந்துவிட்டு ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறீர்கள். உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை விழும். பாதயாத்திரையில் கொப்புளம் வரும், வெடிப்பு வரும். அது தோலின் சங்கதி.

உங்கள் குழுவில் அபேபே பிகிலாவின் பெயரும் அடிபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அந்த எத்தியோப்பியர் வெறுங்காலில் மாரத்தான் தங்கம் வென்றது உண்மைதான், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடி தங்கம் வாங்கினார், 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை!

ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையையும் இப்படித்தான் பாதியாகப் பேசுகிறார்கள். வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரையில் மோதும் முதல் அதிர்ச்சி குறைகிறது என்பது அதில் இருக்கிறது. யாருக்குக் காயம் வந்தது, வரவில்லை என்ற கணக்கு அதில் இல்லை. மூன்று வருடம் கழித்து வடக்கு கென்யாவில், வெறுங்காலிலேயே வாழும் டாசனாச் மக்களை ஓடவிட்டுப் பார்த்த வேறொரு குழு, நிதான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்குகிறார்கள் என்று கண்டது. "மனிதன் இப்படித்தான் ஓடப் பிறந்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியது

எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு மட்டும் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் ஓட்டம் கூடாது. விரிசல் கோடே தெரிந்தால் ஆறு முதல் எட்டு வாரம். நடப்பதற்கும் அடிப்பாகம் வளையாத ஷூவோ பூட்டோ தருவார்கள். நீச்சல் போகலாம். வலி இல்லை என்றால் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளும் ஓட்டலாம். நடக்கும்போதும் விரலால் அழுத்தும்போதும் இரண்டு வாரம் தொடர்ந்து வலியே இல்லை என்ற பிறகு, ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஒன்று விட்டு ஒரு நாள் தொடங்குங்கள்.

டிசம்பர் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாக நடந்தாலும் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் 21 கிலோமீட்டர் வந்து நிற்கும். பதிவை அடுத்த வருடத்துக்கு மாற்றவோ சிறிய தூரத்துக்குக் குறைத்துக்கொள்ளவோ முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். முடியாவிட்டால் பணம் போனது போனதுதான்.

ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். காலை இருட்டில் ஓடிவிட்டு நாள் முழுக்க அலுவலகத்துக்குள் இருக்கும் நம்மில் ஏராளமானவர்களுக்கு அது குறைவு, எலும்பு ஆறுவதையும் அது தாமதப்படுத்தும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்து, பாதத்தில் மரத்துப்போன உணர்வும் இருந்தால், இந்த வகை ஷூவை மறந்துவிடுங்கள்.

அடுத்தது ஷூ. மனைவி சொல்வது போலக் குப்பையில் போட வேண்டாம், குழு சொல்வது போலக் காலிலும் வேண்டாம். இப்போதைக்குப் பரணில் இருக்கட்டும். உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முழுக்கப் பழைய தடித்த ஷூவுக்கே திரும்பலாம். பாதத்துக்குப் பாதுகாப்பு, முட்டி வலி திரும்பலாம். ஆறிய பிறகு மினிமலிஸ்ட் ஷூவில் மெதுவாக மறுபடி தொடங்கலாம். உங்கள் எடைக்கும் இந்த வரலாற்றுக்கும் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மூன்றாவதாக, குதிகாலுக்கும் விரல் பகுதிக்கும் உயர வித்தியாசம் 4 முதல் 8 மில்லிமீட்டர் உள்ள, ஓரளவு மெத்தை உள்ள, லேசான ஷூ. என் ஓட்டு இதற்குத்தான். கடையில் நாலு ஜோடி போட்டு நடந்து பார்த்து, காலுக்கு எது சௌகரியமோ அதை வாங்குங்கள். விலை உயர்ந்தது, பாதத்தின் வளைவுக்கு ஏற்றது என்ற பேச்சுக்கெல்லாம் மயங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, ஓட்ட ஷூ பற்றிய ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்து 2022இல் தந்த அறிக்கையில், எந்த வகை ஷூவும் காயத்தைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் முட்டி? அதற்கு மருந்து ஷூவில் இல்லை, நீங்கள் அடியைச் சுருக்கி ஓடியதில் இருந்தது. அதை எந்த ஷூவிலும் செய்யலாம். இப்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வேகத்தைக் கூட்டாமல் அதை மட்டும் ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168 போதும். எல்லோரும் 180 வைத்தாக வேண்டும் என்று இணையத்தில் சொல்வது தேவையில்லாத கெடுபிடி. கூடவே வாரம் இரண்டு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் பலப்பயிற்சி. உங்கள் ஊரிலேயே நல்ல பிசியோ கிடைப்பார்.

பாதத்தை வலுவாக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை, அதற்கு ஷூ தேவையில்லை. சாவோ பாலோவில் 118 ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கவனித்ததில், பயிற்சி செய்யாதவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆறிய பிறகு, வீட்டுக்குள் வெறுங்காலில் நடங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குங்கள், முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். பல் தேய்க்கும் நேரத்தில் விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை மட்டும் தூக்கிப் பழகுங்கள். ஆறு மாதம் இப்படிப் போய், உடம்பிலும் ஐந்தாறு கிலோ குறைந்தால், பரணில் இருப்பதை எடுத்து வாரத்தில் ஒரு நாள் புல்தரையில் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். எலும்பின் மேல் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் அன்றே மறுபடி பரண்.

பணம்

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். ஐந்து விரல் ஷூவைப் பிரபலப்படுத்திய விப்ரம் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் 2012இல் வழக்குப் போட்டார்கள். காயம் குறையும், தசை வலுவாகும் என்று சான்றில்லாமல் விளம்பரம் செய்தார்கள் என்பது புகார். 2014இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது நிறுவனம். நம் ஊரிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைக் கண்டிக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பீர்கள்? பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ அப்படி எழுத்தில் இருந்தால் படம் எடுத்து, பில்லோடு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் சக்தியை எம்.ஆர்.ஐ.க்குச் செலவிடுங்கள்.

மகள்

ஓடட்டும். மண் தரையிலும் புல்லிலும் வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளின் பாதம் கெடுவதில்லை. அவள் எடை குறைவு; தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியே பழகியவள், உங்களைப் போல ஒரு திங்கட்கிழமை காலையில் மாறியவள் இல்லை. கண்ணாடிச் சில்லும் முள்ளும் இருக்கிறதா என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். சிந்தெடிக் டிராக்கில் பயிற்சி தொடங்கினால் ஷூ வாங்கிக் கொடுங்கள். வெயிலில் அது கொதிக்கும், தோலை உரித்துவிடும். அந்த வயதில் வளரும் எலும்பில் இழுவை விழுந்து குதிகாலின் பின்பக்கம் வலி வருவது சகஜம். ஓடி முடித்து நொண்டுகிறாள் என்றால் இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடமே அவளையும் அழைத்துப் போங்கள்.